ரங்கூன் சுல்தான் பேரில் ஒரு டஜன் கிளாஸ்

அருப்புக்கோட்டையில் பாத்திரத்தில் பேர் வெட்ட ஆறு பேர் இருந்தார்கள். கடைவாசலில் உட்கார்ந்து, பித்தளையோ வெண்கலமோ எதைக் கொடுத்தாலும் உளியை வைத்து டொக்டொக்கென்று புள்ளி புள்ளியாகக் குத்தித் தள்ளிவிடுவார்கள். கண்ணாடிக் கிளாஸில் பேர் வெட்டத் தெரிந்தது ஒரே ஒரு ஆளுக்குத்தான், அதுவும் ஒரு பெண்ணுக்கு. பள்ளிவாசல் தெருவில் நாலாவது வீட்டுப் பரக்கத் நிஷா. அவளுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாதா என்று அந்த ஆறு பேரில் ஒருவர் கிளாஸில் உளி வைத்துப் பார்த்து, அரை டஜனைத் தூளாக்கிவிட்டு வேலையை விட்டதாகக் கேள்வி.

நிஷாவுக்குக் கடை கிடையாது. முன்னறை ஜன்னலோரம் மிசின் போட்டிருந்தாள். ஊருக்குள் போய் வேலை வாங்கி வருவதும், வெட்டியதைக் கொண்டு சேர்ப்பதும் அடுத்த தெரு சங்கரம்மாள். வைக்கோல் பரப்பிய கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடப்பாள். நடையில் ஒரு ஆட்டம் உண்டு, நாக்கில் அதைவிடப் பெரிய ஆட்டம் உண்டு. ஆனாலும் நாலு வருஷத்தில் அவள் கூடையிலிருந்து ஒரு கிளாஸ் கீழே விழுந்ததில்லை.

அது யுத்த காலம். வடக்கேயிருந்து கிளாஸ் லோடு வருவது அநேகமாக நின்றுபோயிருந்தது. காப்பி குடிக்க வருகிற ஆட்கள் கிளாஸை மடியில் கட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள் என்று கிளப்புக்காரர்கள் புலம்பினார்கள். கடைப் பேரை வெட்டிவிட்டால், எடுத்துப்போனவன் அந்தக் கிளாஸில் வீட்டு விருந்தாளிக்கு மோர் கொடுக்க முடியாது, மானம் போய்விடும். அப்படித்தான் நிஷாவுக்கு வேலை வந்தது. 'சங்கையா சோடாக் கடை' என்று மட்டும் ஐந்நூறு தடவை வெட்டியிருப்பாள். கல்யாணக் கிளாஸும் வரும். நூல் வியாபாரி சென்னய்யா தன் மகள் கல்யாணத்துக்குப் பால் கிளாஸ் இரண்டு கேட்டார். பால் நிறைந்திருக்கும்போது வெள்ளையில் வெள்ளையாக ஒன்றும் தெரியாது, குடித்து முடித்த பிறகு மல்லிகைக் கொடியும் சௌடேஸ்வரி என்ற பேரும் தெரியும். மாப்பிள்ளை பெண்ணின் பேரைப் பார்க்கிற அவசரத்தில் ஒரே மூச்சில் பாலைக் குடித்து வாயைச் சுட்டுக்கொண்டான் என்று சங்கரம்மாள் வந்து சொன்னாள். ஊரே சிரித்தது. நிஷா அப்படியா என்று கேட்டுவிட்டு அடுத்த கிளாஸை எடுத்தாள்.

மிசின் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பழைய தையல் மிசினின் கால்மிதி. அதன் மேல் குறுக்கே ஒரு இரும்புத் தண்டு, தண்டின் நுனியில் காலணா அகலத்தில் ஒரு செம்புச் சக்கரம். சாணைப் பொடியை விளக்கெண்ணெயில் குழைத்துச் சக்கரத்தில் தடவிக்கொண்டே மிதிக்க வேண்டும். கிளாஸை இரண்டு கையாலும் ஏந்திச் சக்கரத்துக்கு அடியில் பிடித்து நகர்த்த வேண்டும். வெட்டுகிற இடத்தை எண்ணெய்ச் சேறு மூடிக்கொள்ளும். அதனால் கிளாஸின் உள்வழியாகப் பார்த்துத்தான் வேலை செய்ய முடியும். அப்படிப் பார்க்கையில் எழுத்தெல்லாம் இடம் வலமாகத் திரும்பியிருக்கும். தமிழை வலமிருந்து இடமாக வாசிக்கப் பழகுவது மற்றவர்களுக்குக் கஷ்டம்தான். ஏழு வயதில் குர்ஆன் ஓதி முடித்த நிஷாவின் கண்ணுக்கு அது புதிதாக இல்லை.

மிசின் அவள் புருஷன் சுல்தானுடையது. ரங்கூனில் மொகல் தெருவில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவன். முப்பத்தொன்பதாம் வருஷம் இந்த மிசினைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்து, இனி ஊரிலேயே தொழில் என்று உட்கார்ந்தான். பித்தளைச் செம்பில் தண்ணீர் குடிக்கிற ஊரில் கிளாஸில் பூ வெட்ட யார் வருவார்கள்? எட்டு மாதம் சும்மா உட்கார்ந்திருந்தான். பொழுது போகாமல் இருபது வயதுப் பெண்டாட்டிக்கு வேலையைச் சொல்லிக்கொடுத்தான். அவள் கையைத் தன் கையால் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தான் என்பதால் அவளும் சீக்கிரம் கற்றுக்கொண்டுவிடவில்லை. இரண்டே வருஷம், கையில் கொஞ்சம் சேர்ந்ததும் வந்துவிடுகிறேன் என்று மறுபடியும் கப்பல் ஏறினான். மிசினை விட்டுவிட்டுப் போனான்.

மாதம் ஒரு கடிதம் வந்தது. நாற்பத்தொன்றாம் வருஷம் கார்த்திகையில் வந்தது கடைசி. மார்கழியில் ரங்கூனில் குண்டு விழுந்தது. அதன் பிறகு மாசியிலிருந்து ஆடிவரை, காட்டு வழியாக நடந்து வந்தவர்கள் எலும்பும் தோலுமாக ஊருக்கு ஊர் வந்து சேர்ந்தார்கள். நிஷாவின் அண்ணன் ஜமால் மைதீன் பரளச்சியில் மிளகாய் வியாபாரம் செய்தவர். அவர் தங்கைக்காக விருதுநகர் ரயிலடியில் போய் நாள்கணக்கில் நின்று, இறங்கிய ஒவ்வொருவரிடமும் கேட்டார். மொகல் தெருவில் பாதி இடிந்துவிட்டது என்றார்கள். சுல்தானைப் பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை.

நிஷா அழவில்லை. ரொம்ப நேரம் மிசின் மிதித்தால் கால் மரத்துப்போகும். கிள்ளினால் வலிக்காது, ஆனால் அதே காலால் நிற்கலாம், நடக்கலாம். நிஷா மொத்தமுமே அப்படி ஆகிவிட்டாள். சாப்பிட்டாள், தூங்கினாள், ஐந்து வேளை தொழுதாள், மிசின் மிதித்தாள். அழுகிறவளுக்கு ஆறுதல் சொல்லத் தெரிந்த ஊருக்கு அழாதவளை என்ன செய்வதென்று தெரியாது. கல்நெஞ்சுக்காரி என்று ஒரு பேரை வைத்துவிட்டு ஊர் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

அவள் அதிகம் வெட்டிய சொல் ஒன்று உண்டு. மர்ஹூம். இறந்துபோனவர் பேருக்கு முன்னால் போடுகிற சொல், இறைவனின் அருளுக்குப் போய்விட்டவர் என்று பொருள். பெண்ணாக இருந்தால் கடைசியில் ஒரு கால் சேர்த்து மர்ஹூமா. நோன்பு மாதம் வருவதற்கு முன்னால், செத்துப்போன தங்கள் ஆட்கள் பேரில் பள்ளிவாசல் தண்ணீர்ப் பானைக்குக் கிளாஸ் வாங்கி வைப்பது அந்தத் தெரு வழக்கம். நோன்பாளி தாகம் தீர ஒரு மடக்குக் குடித்தால் அதன் நன்மை செத்தவருக்குப் போய்ச் சேரும். மர்ஹூமில் அந்த 'ஹூ' இருக்கிறதே, அதுதான் சள்ளை பிடித்த எழுத்து. சுழித்து, வளைத்து, கீழே இறக்கி முடிப்பதற்குள் மூச்சு முட்டும். முதலில் பயந்து பயந்து வெட்டினாள். பிறகு தெருவில் பாதிப் பேரின் தகப்பன்மாருக்கும் தாய்மாருக்கும் வெட்டி வெட்டி அது கையோடு வந்துவிட்டது.

யுத்தம் முடிந்து ரங்கூனுக்குத் தபால் போகிறது என்றதும் பழைய விலாசத்துக்கு ஒரு கடிதம் போட்டாள். இரண்டு மாதம் கழித்து, ஆள் இல்லை என்ற முத்திரையோடு அதுவே திரும்பி வந்தது. கார்த்திகை வந்தால் நாலு வருஷம். ஜமால் மைதீன் அந்தக் கணக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

காணாமல் போனவனுக்குத் தொண்ணூறு வயது ஆகும்வரை பெண்டாட்டி காத்திருக்க வேண்டும் என்று பழைய சட்டக் கிதாபில் இருக்கிறதாம். சுல்தானுக்குத் தொண்ணூறு ஆகும்போது நிஷாவுக்கு எண்பத்திரண்டு ஆகியிருக்கும். அந்த வயதில் மறுகல்யாணத்துக்கு மாப்பிள்ளை தேடுவது ஜமால் மைதீனாலும் முடியாது. நல்லவேளையாக, நாலு வருஷம் தகவல் இல்லையென்றால் போதும் என்று இப்போது தீர்ப்புச் சொல்கிறார்கள் என்று பள்ளிவாசலில் தொழவைக்கிற லெப்பை சொன்னார். காஜியிடம் போய், சுல்தான் இறந்தவன்தான் என்று எழுதி வாங்கினார்கள். நாற்பத்தாறு மாசிக் கடைசியில் நிஷா இத்தா இருந்தாள். புருஷன் செத்த பெண் வீட்டோடு இருக்க வேண்டிய நாலு மாதம் பத்து நாள் அது.

அண்ணன் மனதில் ஒரு இடம் இருந்தது. எம்.ரெட்டியபட்டியில் மளிகைக் கடை வைத்திருக்கிற ஒரு மனிதர், பெண்டாட்டி இறந்தவர், இரண்டு பிள்ளைகள். குணம் தங்கம் என்றார்கள். அவருக்கு ஒரே ஒரு பயம்தான். முதல் புருஷன் செத்துவிட்டான் என்பதை ஊர் வாய்விட்டு ஒப்புக்கொள்ள வேண்டும், நாளைக்கு யாரும் ஒன்றும் சொல்லக் கூடாது என்றார். அதற்கு வழி சொன்னவரும் ஜமால் மைதீன்தான். இத்தா முடிகிற நாளில் சுல்தான் பேரில் பள்ளிவாசலுக்கு ஒரு டஜன் கிளாஸ் கொடுத்துவிட வேண்டும். 'மர்ஹூம் ரங்கூன் சுல்தான் நினைவாக' என்று வெட்டிய கிளாஸில் நோன்பு முழுக்க ஊரே தண்ணீர் குடித்தால் அதற்குமேல் அத்தாட்சி வேண்டுமா? வேறு யாரும் வெட்டவும் முடியாது. நிஷாதான் வெட்ட வேண்டும்.

சரி என்றாள். ரெட்டியபட்டிக்காரரைப் பற்றிக் கேட்டபோதும் சரி என்றாள். வேண்டும் என்றும் தோன்றவில்லை, வேண்டாம் என்றும் தோன்றவில்லை. அண்ணன் எங்கெங்கோ சொல்லிவைத்துப் பன்னிரண்டு கிளாஸ் கொண்டுவந்து கொடுத்தார். வேறு வேலை எடுக்காமல் மூன்றே நாளில் பன்னிரண்டிலும் 'ரங்கூன் சுல்தான் நினைவாக' என்று வெட்டி வரிசையாக அடுக்கினாள். முன்னால் ஒரு சொல் அகலத்துக்கு இடம் மட்டும் விட்டிருந்தாள்.

அண்ணன் வந்து பார்த்தார். ஒரு கிளாஸை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதென்ன, முன்னால மொட்டையாக் கெடக்கு?" என்று கேட்டார்.

"அது கடைசியில போடுறது" என்றாள்.

அப்படி ஒரு முறை அந்தத் தொழிலில் கிடையாது. மற்றவர்கள் பேருக்கெல்லாம் அந்தச் சொல்லைத்தான் முதலில் வெட்டினாள். அண்ணனுக்குத் தொழில் தெரியாதென்பதால் நம்பிவிட்டுப் போனார். ஏழு நாள் அந்தக் கிளாஸ்கள் அப்படியே இருந்தன. அந்த இடம் வெறுமையாக இருக்கிறவரை சுல்தான் செத்தவனும் இல்லை, இருக்கிறவனும் இல்லை, நினைக்கப்படுகிறவன் மட்டும்தான். எங்கேயோ ஒரு காட்டில் கால் உடைந்து கிடந்து, யாரோ சோறு கொடுத்து, நாளைக்கே கூட அவன் வரலாம் என்ற நினைப்பு நாலு வருஷமாக அவளுக்குள் இருந்திருக்கிறது என்பது அவளுக்கே அந்த ஏழு நாளில்தான் தெரிந்தது. நாலு எழுத்தை வெட்டிவிட்டால் அதைத் தன் கையாலேயே முடித்ததாக ஆகும்.

எட்டாம் நாள் வியாழக்கிழமை. சங்கையா கடைக் கிளாஸ் ஆறு வெட்டி முடித்தாள். கையைக்கூடக் கழுவாமல் முதல் கிளாஸை எடுத்துச் சக்கரத்துக்கு அடியில் பிடித்தாள். மதியத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொல்வதற்குள் பன்னிரண்டும் முடிந்துவிட்டது. ஒரு எழுத்துகூடக் கோணவில்லை, 'ஹூ'வின் சுழி ஒவ்வொன்றும் அளந்து வைத்தாற்போல இருந்தது. கை கொஞ்சம் நடுங்கியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

இத்தா முடிந்தது. கிளாஸ்கள் பள்ளிவாசலுக்குப் போயின. ஆடி மாதம் பிறை பார்த்து நோன்பு பிடித்தார்கள். ரெட்டியபட்டிக்காரர் பெருநாள் கழிந்து நாள் குறிக்கலாம் என்று சொல்லி அனுப்பினார்.

ஐந்தாவது நோன்பு அன்று திருச்சுழிக்காரர் ஒருவர் பள்ளிவாசலில் நோன்பு திறக்க உட்கார்ந்தார். நத்தர்ஷா என்று பேர். ஜப்பான்காரன் காலம் முழுக்க ரங்கூனிலேயே இருந்துவிட்டு, தாயைப் பார்க்க இரண்டு மாதம் ஊருக்கு வந்திருந்தவர். திரும்பிப் போகையில் கொண்டுபோகக் கைத்தறிச் சேலை எடுக்க அருப்புக்கோட்டைக்கு வந்து பொழுது போய்விட்டது. பேரீச்சம்பழத்தைக் கடித்துவிட்டுத் தண்ணீர்க் கிளாஸைத் தூக்கியவர், அதில் இருந்ததை வாசித்துவிட்டு அப்படியே கீழே வைத்தார்.

"யாருய்யா இந்த ரங்கூன் சுல்தான்? கிளாசு வெட்டுவானே, அவனா?" என்று கேட்டார். ஆமாம் என்றார்கள். "அவனுக்கு ஏன்யா மர்ஹூம் போட்டிருக்கீக? நான் கப்பல் ஏறையில தொறைமொகத்துக்கு வந்து வழியனுப்பினவனே அவன்தான்" என்றார்.

மறுநாள் காலை ஜமால் மைதீனும் லெப்பையும் நத்தர்ஷாவும் நிஷா வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தார்கள். நிஷா உள்கதவுக்கு அந்தப் பக்கம் நின்றாள். நத்தர்ஷா தெரிந்ததைச் சொன்னார். குண்டு விழுந்த அன்று சுல்தான் கடையில் இல்லை, பிழைத்துக்கொண்டான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் போய் இருந்தான். அங்கே பர்மாக்கார முஸ்லிம் ஒருவர் மகளைக் கட்டிக்கொண்டான். இரண்டு பையன்கள். இப்போது மறுபடியும் ரங்கூனுக்கு வந்து, வேறு தெருவில் சொந்தமாக மிசின் போட்டிருக்கிறான். நன்றாகவே இருக்கிறான்.

கட்டிய பெண்டாட்டி ஊரில் இருப்பது அவனுக்கு மறந்துபோய்விட்டதா என்று ஜமால் மைதீன் கத்தினார்.  நத்தர்ஷா கதவுப் பக்கம் திரும்பிச் சொன்னார்.

"ஊர்ல பொண்டாட்டி மவுத்தாப் போச்சுன்னுதான் எங்ககிட்டச் சொன்னான், தாயி. ஒங்க பேருக்குப் பாத்திஹா ஓதிச் சோறு போட்டான். நானும் அந்தச் சோறு தின்னவன்தான்."

 உள்ளேயிருந்து நிஷா கேட்டாள். "எந்த வருசம்?"

"நாப்பத்திரெண்டு. ஆடி."

"ஆரு சேதி சொன்னதாம்?"

"ஆரும் சொல்லல. அப்பத்தான் கடுதாசிப் போக்குவரத்தே கெடையாதே."

"பேரு சொல்லி ஓதினாகளா?"

நத்தர்ஷா அதையும் சொன்னார். "மர்ஹூமா பரக்கத் நிஷான்னு சொல்லித்தான் ஓதினாக."

அந்த ஆடியில் ஜமால் மைதீன் வெயிலில் ரயிலடியில் நின்றுகொண்டிருந்தார். நிஷா வாரம் இரண்டு நாள் அவனுக்காக நோன்பு வைத்துக்கொண்டிருந்தாள். அவன் இன்னொருத்தியைக் கட்டியது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை, ஆம்பிளைகள் கட்டுகிறதுதான். நாலு வருஷத்துக்கு மேல் ஆன பிறகும் அவள் கை வைக்கத் தயங்கி ஏழு நாள் வெறுமையாக விட்டிருந்த சொல்லை, அவன் குண்டு விழுந்த ஏழே மாதத்தில், ஒருவரும் கேட்காமல், வாயால் சொல்லி முடித்திருக்கிறான். அதுதான் சுட்டது. நாலு வருஷத்துக்குப் பிறகு உடம்பில் ஒரு இடம் வலித்தது. மறுபடியும் மரத்துவிட்டால் தேவலை என்றுகூட நினைத்தாள். அது அவ்வளவு சீக்கிரம் நடக்கவில்லை.

அதற்குப் பிறகு ஆண்கள் பேச வேண்டியதைப் பேசினார்கள். புருஷன் உயிரோடு இருப்பதால் இருந்த இத்தா இத்தா அல்ல, நிஷா இன்னும் சுல்தானின் பெண்டாட்டிதான் என்றார் லெப்பை. அவன் தலாக் எழுதிக் கொடுத்தால்தான் விடுதலை. ரெட்டியபட்டிக்காரர் தகவல் தெரிந்ததும், அல்லாஹ் நாடினால் பிறகு பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார். உயிரோடு இருக்கிறவனுக்கு மர்ஹூம் போட்ட கிளாஸில் தண்ணீர் குடிப்பது கூடாது என்பதில் மட்டும் ஜமாத்தில் எல்லாருக்கும் ஒரே கருத்து. பன்னிரண்டையும் கூடையில் வைத்து, அந்தச் சொல்லை மட்டும் அழித்துத் தரும்படி நிஷாவிடமே திருப்பி அனுப்பினார்கள். "செத்தவன் பொழைச்சா சந்தோசப்படுவாக. இங்க என்னடான்னா கிளாசுக்கு வைத்தியம் பாக்கச் சொல்றாக" என்றாள் சங்கரம்மாள், கூடையை இறக்கிவைத்தபடி.

கண்ணாடியில் வெட்டியதை அழிக்க முடியாது. பள்ளத்தை மேடாக்க ஆண்டவனைத் தவிர யாரால் முடியும்? தப்பாக வெட்டிய எழுத்தை இன்னும் அகலமாக வெட்டி இலையாக்கலாம், அவ்வளவுதான். 'ம' இரண்டும் எளிதில் இலையாகிவிட்டன. 'ஹூ'வின் சுழியை ஒரு மொட்டாக மாற்றினாள். நோன்பு வைத்த உடம்போடு ஒரு நாளைக்கு ஒரு கிளாஸ்தான் முடிந்தது. பெருநாளைக்கு முன்னால், இலைக்கொடியோடு 'ரங்கூன் சுல்தான் நினைவாக' என்று பதினொரு கிளாஸ் பள்ளிவாசலுக்குத் திரும்பிப் போனது. பன்னிரண்டாவது எங்கே என்று லெப்பை கேட்டு அனுப்பினார். அது இங்கே இருக்கட்டும் என்று நிஷா பதில் சொல்லி அனுப்பினாள்.

பெருநாள் கழிந்து ஒரு வாரத்தில் நத்தர்ஷா கப்பலுக்குப் புறப்படும் முன் வந்தார். ஜமால் மைதீன் தலாக் கேட்டு லெப்பையை வைத்து இரண்டு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தார். தங்கை கையெழுத்து வைத்தால் நல்லது என்று கதவிடுக்கு வழியாக நீட்டினார். நிஷா வாங்கிக்கொண்டாள். சற்று நேரம் கழித்து, கதவுக்கு வெளியே அவள் கை ஒரு பொட்டலத்தை வைத்தது. கழிவு நூலைச் சுற்றிச் சுற்றி, மேலே சாக்குத்துணி தைத்திருந்தது.

"என்ன தாயி இது? கடுதாசி?" என்றார் நத்தர்ஷா.

"கடுதாசி உள்ளதான் இருக்கு. சுருட்டிக் கிளாசுக்குள்ள வச்சிருக்கேன்."

மர்ஹூம் அழியாத அந்தப் பன்னிரண்டாவது கிளாஸ் என்று அங்கிருந்த இருவருக்கும் புரிந்தது.  நத்தர்ஷா பொட்டலத்தை இரண்டு கையாலும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். உடையாமல் கொண்டு சேர்த்துவிடுவேன் என்றார். இதோடு அவனிடம் வாயால் என்ன சொல்ல வேண்டும் என்றும் கேட்டார்.

"ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றாள் நிஷா. "தண்ணி குடிக்கச் சொல்லுங்க."